கிராஞ்சிக்குப் போன நால்வர்

போன நவம்பரில் ஸ்ரீரங்கத்து நண்பர்கள் நாலு பேர் சிங்கப்பூர் போனோம். கிராஞ்சி போர் நினைவிடத்தில் நடக்கும் அஞ்சலிக்கு. திருச்சியிலிருந்து நேர் விமானம். பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிற நேரம்கூட ஆகவில்லை.

அங்கே ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு. மழித்தாற்போல் புல்வெளி, வரிசை பிசகாத வெள்ளைக் கற்கள். கல்லறைகூடக் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர்களில். எக்காளம் ஓய்ந்து மௌன அஞ்சலி. அந்த மௌனத்தில்தான் ரங்கு என் காதைக் கடித்தான்: "முஸ்தபா கடையை எத்தனை மணிக்குடா திறப்பான்?"

இந்தியப் படையினர் பெயர்களைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு ஒரு செல்ஃபி. சரியாக வராததால் இன்னொன்று.

ஊர் திரும்பிய மறுநாள் சின்ன வெங்காயம் வாங்கக் காந்தி மார்க்கெட் போனேன். வாசலில் முதல் உலகப் போருக்குப் போன திருச்சிக்காரர்களுக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. நாற்பது வருஷமாக அதன் நிழலில்தான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன். கல்வெட்டைப் படித்ததில்லை. அன்றைக்குப் படிக்கலாமென்று கிட்டே போனால், "சார், வண்டியை எடுங்க, லோடு இறக்கணும்" என்றார் ஒருவர்.

எடுத்துவிட்டேன். அதைப் பார்க்கப் பாஸ்போர்ட் வேண்டாம். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது.