போகப்போகிறவர்

080 என்று தொடங்கும் எண் திரையில் மின்னியதும் அவர் எழுந்துவிடுவார். எழுவதற்கே ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் ஹெட்செட் கழுத்துக்கு இறங்கும். பிறகு ஃபோனை எடுக்கவும் மாட்டார், கட் செய்யவும் மாட்டார். இரண்டு கையாலும் பொத்தி, சத்தம் சிந்திவிடாமல் ஏந்திக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே அரை ஓட்டமாகப் போவார். ஃபயர் எக்ஸிட் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். அதற்கப்புறம்தான் ‘யெஸ் மேடம், சொல்லுங்க மேடம்’ ஆரம்பிக்கும். இதெல்லாம் பரம ரகசியமாக நடக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

080 என்றால் பெங்களூர். 040 ஹைதராபாத். 020 புனே. 0120 நொய்டா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவருக்குக்கூட இத்தனை எஸ்.டி.டி. கோடு இப்போது ஞாபகம் இருக்காது. 140 என்று ஆரம்பித்தால் விளம்பரக்காரர்கள், அவர்களுக்காகவே ஒதுக்கிய வரிசை அது என்பதும் அவருக்குத் தெரியும். அதையும் எடுப்பார். “யாரு கண்டா பாஸ், ஏதாவது கன்சல்டன்சிக்காரன் அந்த நம்பர்லேர்ந்து கூப்பிட்டுட்டா?”

இதுவரை கூப்பிட்டதில்லை. 080-இல் வருவதிலும் பாதிக்கு மேல் கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், வைட்ஃபீல்டில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். நாமாக இருந்தால் ‘வேண்டாங்க’ என்று வைத்துவிடுவோம். அவர் வைக்க மாட்டார். எந்தக் குரலுக்குப் பின்னால் எந்தக் கம்பெனி இருக்கிறதோ என்று, பேசுகிறவர் கடைசி வாக்கியத்தை முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை கார்டு விற்கிற பெண் “உங்க வருஷ சம்பளம் எவ்வளவு சார்?” என்று கேட்க, இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “கரன்ட்டா, எக்ஸ்பெக்டடா மேடம்?” என்று கேட்டார். அவள் என்ன எழுதிக்கொண்டாளோ, இவருக்கு நல்ல லிமிட்டில் கார்டு வந்தது.

படிக்கட்டில் சிக்னல் கிடையாது. நாலு பக்கமும் கான்கிரீட். ஆகவே கத்த வேண்டும். கத்தினால் எதிரொலிக்கும். கூச்சப்பட்டுக்கொண்டு ஒளிந்து பேசப் போன மனிதரின் எதிர்பார்ப்புச் சம்பளம், ஃபிக்சட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்ற பிரிவினையோடு, தரைத்தளம் முதல் மொட்டைமாடி வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கீழே உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணன் ஒரு சாயங்காலம் என்னை நிறுத்தி, “உங்க சாருக்குப் பெங்களூர் கெடச்சிருச்சுங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அவரு கொஞ்சம் கொறைச்சுக் கேக்கணும் சார். மேல வேரியபிள்னு ஒண்ணு வேற கேக்குறாரு” என்றார்.

மேனேஜருக்கு மட்டும் தெரியாதிருந்தது. அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் லிஃப்ட்டில் போகாதே என்று சொல்லிவிட்டதால் அதுவும் முடிவுக்கு வந்தது. நம்மவர் நாலாவது மாடித் திருப்பத்தில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தபோது மேனேஜர் மூச்சு வாங்க ஏறி வந்தார். இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், “சரிம்மா, மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுங்கம்மா, நான் ராத்திரி பேசறேன்” என்றார். எதிர்முனையில் இருந்தது ஹைதராபாத் கம்பெனியின் ஹெச்.ஆர். தமிழ் தெரிந்த பெண். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் என் பங்கு என்னவென்றால், கதவு. அந்தக் கதவு உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், படிக்கட்டுப் பக்கமிருந்து கார்டு தேய்த்தால்தான் திறக்கும். 080-ஐப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர் கார்டை மேசையில் விட்டுவிட்டுத்தான் ஓடுவார். கால் முடிந்ததும் எனக்கு மெசேஜ் வரும்: ‘பாஸ், டோர்’. மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து போக வேண்டும். திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே ரவுண்ட் எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். ஆனாலும் நான் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். கேட்பேன். “பாசிட்டிவாத்தான் பேசினாங்க” என்பார். எல்லோரும் பாசிட்டிவாகத்தான் பேசுகிறார்கள். அதுதான் அவர்களுடைய வேலை.

இதைக் குறிப்பிட்ட ஒருவரை மனதில் வைத்து எழுதவில்லை. ஜன்னலோரம் மூன்றாவது இருக்கை, வாடின மணிபிளான்ட், நாற்காலி முதுகில் நிரந்தரமாகத் தொங்கும் சாம்பல் ஸ்வெட்டர், இதெல்லாம் எல்லா ஆபீசிலும் இருப்பவைதான்.

மற்றப் பழக்கங்களைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. காலை ஒன்பது மணிக்கு வேலை தேடும் தளமான நௌக்ரியில் போய் ரெஸ்யூமில் ஒரு முற்றுப்புள்ளியை எடுப்பார், மறுநாள் அதே இடத்தில் வைப்பார். புதிதாகத் திருத்திய ரெஸ்யூம்தான் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுமாம். வெள்ளிக்கிழமை எல்லோரும் டி-ஷர்ட்டில் வர, அவர் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தால், மத்தியானம் ‘பல் டாக்டர்’. அவர் சொல்லியிருக்கும் கணக்குப்படி இந்நேரம் வாயில் ஒரு பல்லும் மிச்சமிருக்கக் கூடாது.

கிளம்ப நாள் பார்ப்பதும் உண்டு. ஆடியில் புது இடத்தில் சேரக் கூடாது. மார்கழியில் பேப்பர், அதாவது ராஜினாமா, போடக் கூடாது. மார்ச்சில் போட்டால் வேரியபிள் போய்விடும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னாலும், நாலு வருஷமும் 240 நாளும் போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, அது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம் என்று முன்பு ஒரு காலத்தில் சொன்னார். அந்த 240-ஆவது நாள் எப்போதோ தாண்டிப் போயிற்று. கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தைப் பதினைந்தால் பெருக்கி 26-ஆல் வகுத்து வருஷத்தால் பெருக்கினால் தனக்கு எவ்வளவு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருடைய சொந்த மாட்யூலில் ராத்திரி ஓடுகிற பேட்ச் ஏன் நின்றது என்று கேட்டால், “பார்க்கணும் பாஸ்” என்பார்.

விருந்துக்கு வந்த மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ‘அப்போ வரட்டுமா’ என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் நின்று பேசுவாரே, அந்த நிலைமைதான். அவர் உட்காரவும் மாட்டார், போகவும் மாட்டார். நாம்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்குக் கால் வலிக்கிறது.

புது டூல் ஒன்று கற்றுக்கொள்ளச் சொன்னால், “எனக்கு எதுக்கு பாஸ், நான் எப்படியும் இருக்கப்போறதில்ல.” அடுத்த மாத ஆன்-கால் பட்டியலில் பேர் போட்டால், “போடுங்க. ஆனா பேக்கப்புக்கு உங்க பேரையும் போட்டுக்கங்க.” புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கச் சொன்னால், அவனை உட்காரவைத்து ரெஸ்யூம் எழுதச் சொல்லிக்கொடுத்தார். அவன் ஆறு மாதத்தில் முப்பது சதவீத உயர்வோடு துரைப்பாக்கத்துக்குப் போய்விட்டான். அவன் போனதும் அவனுடைய வேலை என்னிடம் வந்தது. இவர் எந்தக் காரியத்தில் முழுதாக இல்லையோ அந்தக் காரியமெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு என் ஃபோனில் அடிக்கிறது. இன்க்ரிமென்ட் சமயத்தில் பார்த்தால், அவர் போய்விடுவாரோ என்ற பயத்தில் அவருக்கு ஒரு தொகை, போக மாட்டேன் என்ற நம்பிக்கையில் எனக்கு ஒரு நன்றி மெயில். இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. இருக்கிறவனுக்கு இதுதான் கூலி என்றால், இருக்கிறவன் எல்லாம் படிக்கட்டுக்குத்தான் போவான்.

அவருக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. நோட்டீஸ் 90 நாள் என்று எங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது, பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் அப்படித்தான். கூப்பிடுகிற 080-கள் எல்லாம் முதலில் கேட்பது, “பதினைந்து நாளில் சேர முடியுமா?” கையில் ஆஃபர் இல்லாமல் பேப்பர் போட்டால் வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும்? பேப்பர் போடாமல் ஆஃபர் கேட்டால், “90 நாளா? நாங்க சொல்றோம் சார்.” நௌக்ரியில் ‘நோட்டீஸில் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளத் தனியாக ஒரு கட்டம் உண்டு. அவர் அதை டிக் செய்வார், பயந்துபோய் எடுப்பார், பிறகு முற்றுப்புள்ளியை மட்டும் எடுப்பார்.

ஒருமுறை பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் எல்லா ரவுண்டும் முடிந்தது. மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16, பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். “டாக்குமென்ட் கேட்டா முடிஞ்ச மாதிரிதான் பாஸ்” என்று டீக்கடையில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். நங்கநல்லூரில் 32 அடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தி, ஆபீசுக்குப் பிரசாதமும் கொண்டுவந்தார். அப்புறம் ஃபோன் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வேண்டாம் என்றால் மெயில் போட்டிருப்பார்கள், போடவில்லை, ஆகவே வேண்டும் என்றுதான் அர்த்தம் என்றார். தீபாவளி லீவு என்றார். தீபாவளி முடிந்தது. பட்ஜெட் அப்ரூவல் என்றார்.

கடைசியில் அவராகவே கூப்பிட்டார். நான் கதவைத் திறக்கப் போனபோது பேச்சு இன்னும் முடியவில்லை. “இல்லைங்க மேடம், தொந்தரவு பண்றதுக்காகக் கூப்பிடல... சும்மா ஃபாலோ-அப்... பரவால்லைங்க மேடம், நீங்க எப்ப முடியுமோ...” கிளையன்ட் காலில் அமெரிக்காக்காரனையே “நோ, நோ, லிசன்” என்று அடக்குகிற மனிதர். அந்தப் படிக்கட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு, இல்லாத ஒருவருக்கு முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். நாற்பது தாண்டினவர். பெரியவளுக்கு அடுத்த வருஷம் காலேஜ். நான் சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி சத்தமாகத் திறந்தேன்.

விஷயம் இதுதான்: அவருடைய ஃபைலை வைத்திருந்த ஹெச்.ஆர். பெண்மணி பேப்பர் போட்டுவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் ஃபைல் இல்லை. ரெஸ்யூமை மறுபடி அனுப்பச் சொன்னார்களாம். யாராக இருந்தாலும் கோபம் வரும். இவருக்கு வரவில்லை. “அந்த மேடம் எங்க பாஸ் போயிருப்பாங்க?” என்று யோசித்தார். “அங்கயும் ஆள் எடுப்பாங்கல்ல?”

எடுத்தார்கள். அந்த அம்மாள் போன இடத்தைக் கண்டுபிடித்து, அவர் மூலமாகவே அங்கே ரெஸ்யூம் போய், இரண்டே வாரத்தில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. அச்சடித்த நிஜ லெட்டர். அவர் பேப்பர் போட்டார். ட்ராஃப்ட்டில் வருஷக்கணக்காகத் திருத்திக்கொண்டிருந்த விடைபெறும் மெயிலைக் கடைசியாக ஒருமுறை எனக்குக் காட்டினார். அதில் எனக்கு ஒரு தனிப் பத்தி இருந்தது. கதவைப் பற்றி ஒன்றும் இல்லை.

கே.டி., அதாவது அவர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது, எனக்குத்தான். அவருடைய மாட்யூல் முழுக்க, பேட்ச் உட்பட, ஸ்க்ரீன்ஷாட் போட்டு நோட்ஸ் எழுதினேன். உண்மையில் அவர் சொல்ல, நான் எழுதவில்லை. நானே பார்த்து, நானே எழுதி, அவரிடம் சரியா என்று கேட்டேன். “பக்காவா இருக்கு பாஸ், இதெல்லாம் எனக்கே தெரியாது” என்றார். டீமில் பணம் வசூலித்தோம். பேர் எழுதின கேக்குக்குச் சொல்லியாயிற்று. செக்யூரிட்டி அண்ணன்கூட ஐம்பது ரூபாய் கொடுத்தார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின வாரம் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம். வெளியே வந்து ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி நாற்காலியிலேயே தொங்கவிட்டார். முக்கியமான ஆளாம், விடக் கூடாதாம், ஆஃபரில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். வாழ்த்து சொன்னேன். கை கொடுத்தேன். கேக் ஆர்டரை மாற்ற முடியாது என்று பேக்கரியில் சொல்லிவிட்டதால், ‘குட் பை’ என்று எழுதின கேக்கை அவரே வெட்டி எல்லோருக்கும் ஊட்டினார்.

“அப்போ மாட்யூலை எப்ப திரும்ப எடுத்துக்கறீங்க?” என்று கேட்டேன்.

வாயில் க்ரீமோடு யோசித்தார். “நீங்க நல்லாத்தானே பாஸ் பாத்துக்கறீங்க? சரி, ரிவர்ஸ் கே.டி. ஒண்ணு வச்சிரலாம். ஆனா இந்த வாரம் வேணாம். வியாழக்கிழமை எனக்கு ஒரு ஃபைனல் ரவுண்ட் இருக்கு.”