மதினியா, அக்காவா? விருதுநகர் வட்டார விளியியல்: ஒரு முன்னாய்வு

விருதுநகர் மாவட்டத்துப் பலசரக்குக் கடைகளில் அன்றாடம் நிகழும் ஒரு சிக்கலை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. கல்லாவில் இருக்கும் ஆணுக்கு வயது முப்பதானாலும் எழுபதானாலும் அவர் 'அண்ணாச்சி'. கல்யாணம் ஆயிற்றா, பேரன் பேத்தி எடுத்தாரா என்று எவரும் விசாரிப்பதில்லை. அதே கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், கால் கிலோ துவரம்பருப்பு கேட்குமுன் அவருடைய தலைமுடி, கழுத்து, கால்விரல் மூன்றையும் ஒரே நொடியில் ஆராய்ந்து முடிக்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த உபாதை இருந்தது. ஆணுக்கு 'மெசியே' ஒன்றே போதும். பெண் என்றால் மணமானவர் 'மதாம்', ஆகாதவர் 'மத்மசேல்'. 2012 பிப்ரவரியில் பிரதமர் பிரான்சுவா ஃபியோன் ஒரு சுற்றறிக்கை விட்டு, மத்மசேலை அரசுப் படிவங்களிலிருந்து நீக்கச் சொன்னார். சாத்தூரில் அந்த வேலை நடக்காது. இங்கே விளி இருப்பது படிவத்தில் அல்ல, முறையில்.

முறைப்படி பார்த்தால் அண்ணாச்சியின் மனைவி 'மதினி'. தருக்கத்தில் பிழையே இல்லை. ஆனால் மதினி என்பது கேலி பேசும் முறை. பழக்கமில்லாத ஆள் அப்படிக் கூப்பிட்டால் அண்ணாச்சி தராசிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஆகவே வாடிக்கையாளர்கள் பத்திரமாக 'அக்கா'வுக்குத் தாவினார்கள். விளைவு: அண்ணனும் அக்காவும் தம்பதியாகக் கடை நடத்துகிறார்கள். இம்முரண்பாட்டால் வியாபாரம் படுத்ததாகச் சான்று இல்லை.

பட்டாசு ஆலைகளில் சிக்கல் இன்னும் செறிவானது. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது பாதுகாப்பு விதி. சரம் பின்ன உட்காரும் அந்த நால்வருக்குள்ளேயே ஓர் அக்கா, ஒரு மதினி, ஒரு சித்தி, ஒரு 'ஏ புள்ள' அமைந்துவிடுகிறார்கள். போர்மேனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கட்டுப்படியாகாது. வேலை ஓடினால் நால்வரும் 'தாயி'. மந்தமானால் நால்வரும் 'ஏம்மா'.

வயது, தாலி, மெட்டி எதையும் விசாரிக்காத விளி ஒன்று உண்டு: 'டீச்சர்'. பணி ஓய்வுக்குப் பிறகும் அது காலாவதியாவதில்லை. வீட்டிலிருக்கும் ஆணையும் 'டீச்சர் வீட்டுக்காரர்' ஆக்கிவிடும் வல்லமை அதற்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர் சொந்தமாகக் கடை வைத்தால் மறுபடி அண்ணாச்சி ஆவாரா என்பது தனி ஆய்வுக்குரியது.