கைப்பேசிக்குள் ஐந்திணை: கொல்லைப்புறப் படக்கலை குறித்த ஓர் ஆய்வேடு

1. ஆய்வின் தேவை

எதற்கெல்லாமோ ஆய்வேடு வந்துவிட்டது. ஆனால் காலை ஆறரை மணிக்கு, கையில் கைப்பேசியும் இடுப்பில் லுங்கியுமாக, முருங்கை மரத்தடியில் அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் நிற்கும் மனிதன் ஏன் அப்படி நிற்கிறான் என்பதை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு. ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒருவரே என்பதால் செலவும் மிச்சம்.

2. ஆய்வின் எல்லை

வடக்கே தண்ணீர்த் தொட்டி, தெற்கே முருங்கை, கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர், மேற்கே சாக்கடை. இவற்றுக்கு இடைப்பட்ட நிலமும் அதற்கு மேலுள்ள மொட்டைமாடியுமே ஆய்வுக்களம். முதுமலையும் வேடந்தாங்கலும் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே போக லீவும் நீள லென்ஸும் வேண்டும். ஆய்வாளரிடம் இரண்டும் இல்லை.

3. முன்னாய்வுகள்

இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய நிழற்படம், 1826 அல்லது 1827-இல் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. அதில் தெரிபவை அக்கம்பக்கத்துக் கூரைகள். ஆக, இக்கலை பிறந்ததே வீட்டுச் சன்னலோரத்தில்தான். அப்படம் பதிய 8 மணி நேரம் ஆயிற்று என்பர். சில நாட்கள்கூட ஆகியிருக்கும் என்பாரும் உளர். அன்று குறுக்கே ஒரு காகம் பறந்திருந்தாலும் அது தகட்டில் விழுந்திருக்காது. இன்றைய கைப்பேசி நல்ல வெயிலில் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் படமெடுத்துவிடுகிறது. ஆனாலும் நம் படத்தில் காகம் இல்லை. நாம் விரலை வைப்பதற்குள் அது போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஒரு கம்பெனியின் கேமரா, இன்னொரு கம்பெனியின் லென்ஸ் என்று தாமே பூட்டிச் சேர்த்த கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் சூட்டி, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தம் மறைவு வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். காட்டு விலங்குக்கு இருந்த இடம் வீட்டைச் சுற்றித் திரியும் சிற்றுயிருக்கும் அதில் இருந்தது. இவ்வாய்வு அந்தச் சிற்றுயிர் மரபைச் சார்ந்தது. நம் கருவிக்கு மட்டும் இன்னும் பெயர் சூட்டவில்லை. தவணை முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.

4. திணைப் பாகுபாடு

மேலைநாட்டு நூல்கள் இத்துறையை லென்ஸ் வாரியாகப் பிரிக்கின்றன. அது பொருந்தாது. கொல்லைப்புறப் படக்கலைக்கு நம் அகத்திணையின் உரிப்பொருள்கள் ஐந்துமே போதும்.

இருத்தல். தட்டான்கள் பல, ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வந்து அமரும். எனவே பறந்துவிட்டதே என்று துரத்துபவன் கத்துக்குட்டி. குச்சிக்குப் பக்கத்தில் காத்திருப்பவன் ஆய்வாளன். ஆனால் தட்டானின் ஒவ்வொரு கண்ணும் ஆயிரக்கணக்கான சிறு கண்களால் ஆனது. நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிடும். ஆதலால் நம் நடை, தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போகும் நடையாக இருக்கவேண்டும்.

பிரிதல். அசைந்தால் பறவை போகும். அசையாவிட்டாலும் போகும். வெறுங்கிளைப் படங்களை அழிக்காமல் ஒரு கோப்பில் சேர்த்துவருகிறோம். ‘இங்கேதான் இருந்தது’ என்பது அக்கோப்பின் பெயர்.

இரங்கல். ஐப்பசியில் ஒரு மாலை, மழைக்கு முன்னால், மாடிக்கு மேலே தேசாந்திரித் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றின. இவை தென்னிந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்று, மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். கடல் கடக்கும் பிராணி நம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே! 47 படங்கள் எடுத்தோம். 46-இல் வானம். ஒன்றில் ஒரு கோடு. அக்கோடு தட்டான் என்பது ஆய்வாளர் தரப்பு. லென்ஸில் ஒட்டிய தலைமுடி என்பது மகள் தரப்பு.

ஊடல். கறிவேப்பிலைச் செடி குறித்து எழுவது. இலைமேல் காக்கை எச்சம்போல ஏதோ கிடந்தது. நகத்தால் சுரண்டப் போனபோது எச்சம் நகர்ந்தது. கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் இளம்புழு அது. எச்சமென்று நம்பிப் பறவைகள் விட்டுவிடட்டும் என்று அந்த வேடம். சில நாளில் தோலுரித்துப் பச்சைக்கு மாறிற்று. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே ஒரு நெடி. அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து குரல் வந்தது: “ஏங்க, கறிவேப்பிலையைப் பறிச்சுத் தரப்போறீங்களா, இல்ல படம் எடுத்துத் தரப்போறீங்களா? எண்ணெய் காயுது.” அன்றைய ரசம் கறிவேப்பிலை இல்லாமல் தாளிக்கப்பட்டது.

புணர்தல். பார்வையும் குவியமும் உயிரும் ஒரு நொடி கூடுவது. துணிக்கொடியில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. சிலந்தி வலையால் ஒட்டிய சருகுப் பொட்டலம், வாசலுக்கு மேலே மழை படாமல் சின்னத் தாழ்வாரம். நெருங்கினால் தாய் கூட்டை விட்டுப் போய்விடலாம் என்பதால் சமையலறைச் சன்னலுக்குள்ளிருந்தே ஒரு படம் எடுத்தோம். அலகு மட்டும் வெளியே தெரிகிறது. அந்தக் கொடியில் ஒரு மாதம் துணி காயவில்லை.

5. தடையும் விடையும்

தடை: ‘தேடினால் இதைவிட நல்ல தேன்சிட்டுப் படம் ஆயிரம் கிடைக்குமே?’ என்றால்,

விடை: அடுத்த வீட்டுக் குழந்தை சிவப்பாக இருக்கிறது என்று யாரும் அதன் படத்தை நம் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வதில்லை.

தடை: ‘படமே சரியாக விழாதபோது இன்பம் எங்கிருந்து வருகிறது?’ என்றால்,

விடை: பதினைந்து ஆண்டு இவ்வீட்டில் குடியிருந்தும், அந்தக் கறிவேப்பிலைப் புழுவின் பெயர் ஆய்வாளருக்குத் தெரியாது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ‘இது யார்?’ என்று நாலு பேரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று பள்ளியில் படித்தோம். நம் தெருவில் பூக்கும் ஒன்பதை அடுக்கச் சொன்னால் விழிப்போம். கைப்பேசி செய்யும் உபகாரம், நிற்க ஒரு சாக்குத் தருவது. சும்மா நின்று செடியைப் பார்த்தால் ஊரார் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கைப்பேசியோடு நின்றால் யாரும் கேட்பதில்லை.

6. முடிவு

இரண்டு ஆண்டுகளில் எடுத்தவை ஏறக்குறைய நாலாயிரம் படங்கள். சட்டம் போட்டு மாட்டத் தக்கவை மூன்று. அறிமுகமான உயிர்கள் அறுபதுக்கு மேல். இக்கணக்கில் ஆய்வாளருக்கு நட்டமில்லை என்பது துணிபு. இன்னொரு செய்தியும் பதிவுக்குரியது. இப்போதெல்லாம் அடுக்களையிலிருந்து வேறு குரல் வருகிறது: “புழு இருந்த கொத்தை விட்டுட்டு மத்ததைப் பறிச்சுட்டேன். வந்து பாருங்க.”

இத்துறையில் மேலாய்வு செய்ய விழைவோர்க்கு ஒரு விண்ணப்பம்: நாளைக் காலை தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கும்போது, கொத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பறியுங்கள்.