சிக்ஸ் பேக் தாகம்

தொப்பையோடு டூயட் பாடிய சிவாஜி கணேசனுக்கு விசிலடித்த ஊர் இது. 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ படம் வந்தது. சூர்யா சட்டையைக் கழற்றினார். நம் பையன்கள் ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டினார்கள்.

சட்டை கழற்றும் காட்சிக்குமுன் தண்ணீரைக் குறைப்பது, எண்ணெய் பூசுவது, பக்கவாட்டில் விளக்கு வைப்பது எல்லாம் சினிமாவின் பழைய வித்தை. நடிகருக்கு அது ஒருநாள் தாகம். பையனுக்கு ஆயுட்கால லட்சியம். (லட்சியம் பெரும்பாலும் பொங்கல்வரை தாங்கும்.) “தினம் நட தம்பி, சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், தூக்கம் வரும்” என்கிறார் டாக்டர். நல்ல தூக்கத்துக்கு யார் கட்அவுட் வைப்பது?

கதாநாயகிக்கு இந்தச் சிக்ஸ் பேக் தொல்லை கிடையாது. அவருக்கு வயிறே இருக்கக்கூடாது என்பதோடு சரி.