பாசி பிடித்த சுவர் வேண்டும்

ஜூன் மாதத்தில் ஃபோர்ட் கொச்சிக்கு வரும் புகைப்படக்காரரை அடையாளம் காண்பது சுலபம். ஊரே குடைக்குள் ஒதுங்கி நடக்க, தன் தலையை நனையவிட்டு, குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு ஒருவர் போனால் அவர்தான். முதுகில் ஒரு பை, வயிற்றில் ஒரு பை, கக்கத்தில் முக்காலி. மற்றவர்கள் ஊர் பார்க்க டிசம்பரில் வருவார்கள். "வெயிலில் எவன் வேண்டுமானாலும் எடுப்பான் சார், மூட் வேண்டாமா?" என்பது இவர் கட்சி.

மூட் என்றால் ஈரம். சுவர் என்றால் காரை பெயர்ந்திருக்க வேண்டும், ஜன்னல் என்றால் ஒரு கதவாவது தொங்க வேண்டும். பர்கர் தெருவில் யாராவது மழைக்கு முன்பே பொறுப்பாக வெள்ளையடித்து வைத்திருந்தால், துக்கம் விசாரிக்கப் போகிறவர் முகத்தோடு அந்த வீட்டைக் கடப்பார். அடுத்த வீட்டில் பாசி ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கும். "அடடா, டெக்ஸ்ச்சர்!" என்று நடுத்தெருவில் மண்டியிடுவார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் சுற்றிப் போவார். அவர் இந்த ரகத்தை நிறையப் பார்த்தவர். பாசியைச் சுரண்ட வீட்டுக்கார அம்மா பிளீச்சிங் பவுடர் வாங்கி வைத்திருப்பது தெரிந்தால் நம்மவர் அங்கேயே அழுதுவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஈரம் தன் பைக்குள் வரக்கூடாது. சுவரில் பூத்தால் கலை, லென்ஸில் பூத்தால் கொலை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கொச்சி மழைக்காலத்தில் அது சாதாரணமாக 80-க்கு மேல் நிற்கும். அதனால் ராத்திரி ஹோம்ஸ்டே அறைக்குள் ஒரு பூஜையே நடக்கும். லென்ஸ்களைக் கட்டிலில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பார்ப்பார். கண்ணாடிக்குள் வெள்ளை நூல் ஓடியிருக்கிறதா? ஓடியிருந்தால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வெளியே வரும். செருப்புப் பெட்டியில் கிடைத்தது, மனைவியின் கைப்பையில் கிடைத்தது, மாமனாரின் சர்க்கரை மாத்திரை டப்பாவில் கிடைத்தது என்று ஒரு சேமிப்பு. மாமனாரின் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஏசி. கேமரா காய வேண்டுமே என்று 18-ல் வைத்துவிட்டு, இரண்டு போர்வைக்குள் பல் கிடுகிடுக்கப் படுத்திருப்பார். விடிந்ததும் குளிர்ந்த கேமராவோடு வெளியே கால் வைத்தால், லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைப்பார், படியும். துடைப்பார், படியும். இப்படித் துடைத்துக்கொண்டே அவர் விட்ட விடியல்கள் ஏராளம். கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வெளிக்காற்றின் சூடு ஏறும்வரை விட்டுவைத்தால் போதும். அந்தப் பொறுமை இருந்தால் அவர் ஏன் இந்தத் தொழிலில் பாதியும் உத்தியோகத்தில் பாதியுமாகத் திண்டாடப் போகிறார்?

ஊரைக் குறை சொல்ல முடியாது. 1341-ல் பெரியாறு பெருகி முசிறியைத் தூர்த்தபோதுதான் கொச்சியின் முகத்துவாரம் திறந்தது என்பார்கள். வெள்ளத்தில் பிறந்த ஊரில் ஈரம் இல்லாமல் எப்படி? வாஸ்கோ ட காமா 1524-ல் இங்கேதான் கண்ணை மூடினார். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். 1539-ல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கே எடுத்துப் போய்விட்டார்கள். அவருக்கும் இந்த ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை போலும். பிறகு டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். மிளகு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் எடை போட்டுக் கொடுத்த ஊர், இப்போது உதிர்ந்த சுவர் கேட்டு வருகிறவருக்கு மட்டும் இல்லை என்றா சொல்லும்?

சீன வலைக்காரர்களுக்கு இந்த வியாபாரம் அத்துபடி. கயிற்றில் கட்டித் தொங்கும் கல்லெல்லாம் ஒவ்வொன்றாக இறங்க, வலை மேலே எழும். உள்ளே நாலைந்து பொடிமீன், மற்றபடி மழைவெள்ளம் அடித்து வந்த ஆகாயத்தாமரை. "சேட்டா, ஒன்னுகூடி!" என்பார் நம்மவர். சேட்டன் மீனைப் பார்ப்பார், இவர் சட்டைப்பையைப் பார்ப்பார், எதில் வரும்படி என்று கணக்குப் போட்டு வலையை மறுபடி இறக்குவார். தேக்குமரத்துக்குப் பதிலாக இரும்புக் குழாய் வைத்த வலை என்றால் இவர் திரும்பியும் பார்க்க மாட்டார். மரம் விற்கும் விலைக்கு அவர்கள் வேறென்ன செய்வார்கள் என்பது ஃபிரேமுக்கு வெளியே உள்ள சங்கதி.

இவருடைய பரம வைரி நீலத் தார்ப்பாய். கூரை ஒழுகும் வீடு, தள்ளுவண்டி, குவித்து வைத்த விறகு என்று மழைக்கு ஊர் முழுவதும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறது. இவர் ஒவ்வொரு படத்திலும் அதை வெட்டி எறிவார், முடியாவிட்டால் கறுப்பு வெள்ளையாக்கி விடுவார். மழைக்காலக் கொச்சியின் நிறமே அந்த நீலம்தான். அது இல்லாத படம் எனக்கு என்னவோ பாதிப் பொய்யாகப் படுகிறது.

மட்டாஞ்சேரி அரண்மனைக்குள்ளும் ஒருநாள் போனார். சுவர் நிறைய ராமாயணம். படம் எடுக்கக்கூடாது என்று பலகை. வெறும் கண்ணால் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வருவானேன் என்று நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டார்.

கடைசியில் யாரோ சொல்லி, வெளி என்ற பகுதியில் உள்ள தோபிகானாவுக்குப் போனார். படைவீரர்களின் உடுப்பு வெளுக்க டச்சுக்காரர்கள் அழைத்து வந்ததாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் கல்லில் துவைக்கிறார்கள். இரண்டு கயிற்றை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே கிடையாது.

"பெரியவரே, அந்தச் சட்டையை இன்னொரு தரம் கஞ்சியில முக்குறீங்களா? வெளிச்சம் பிரமாதமா விழுது."

"முக்கலாம் தம்பி. சட்டைக்காரர் ரெண்டு கஞ்சிக்குக் காசு குடுப்பாரா?"

அந்த நேரம் பார்த்து மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. "போச்சு, மூடே போச்சு!" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு கூடையைத் தூக்கிக்கொண்டு கொடிக்கு ஓடினார்கள். பெரியவர் ஈரப் போர்வையின் ஒரு முனையை இவர் கையில் திணித்தார். "சும்மாதானே நிக்கிறீங்க, பிடிங்க."

பிடித்தார். வெயில் போவதற்குள் மூன்று போர்வை விரித்தார். நான்காவதை உதறும்போது வாசலில் முக்காலியோடு வந்து நின்ற இன்னொருவர் கூப்பிட்டார்:

"அண்ணா, அப்படியே நில்லுங்க! கழுத்துல தொங்குற கேமராவை மட்டும் கழட்டி வெச்சிடுங்க, ஃபிரேமைக் கெடுக்குது."