ஆள் வந்தால் போதுமா?

கண்ணெதிரே ஆள் உட்கார்ந்திருந்தால்தான் மேலாளர்கள் சிலருக்குச் சோறு இறங்கும். பெருந்தொற்றுக்குப் பின் அலுவலகங்கள் எல்லாரையும் திரும்ப அழைத்ததற்கு இதைவிட வலுவான காரணம் தென்படவில்லை. தொற்றுக் காலத்தில் பேச்சே வேறாக இருந்தது. வணிகப் பயணங்களில் பாதிக்கு மேல் ஒழிந்துவிடும் என்று 2020 நவம்பரில் பில் கேட்ஸ் ஆரூடம் சொன்னார். 2025-க்குள் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தாலே போதும் என்ற டி.சி.எஸ்., 2023-லேயே வாரம் ஐந்து நாளும் வரச்சொல்லிவிட்டது. உச்சம், ஜூம் நிறுவனம். உலகத்தையே வீட்டிலிருந்து வேலை பார்க்கவைத்த அதுவே, 50 மைலுக்குள் குடியிருக்கும் தன் ஊழியர்கள் வாரம் இரண்டு நாள் நேரில் வரவேண்டும் என்று உத்தரவு போட்டது. அல்வாக் கடைக்காரர் தன் வீட்டில் இனிப்புக்குத் தடை போட்டதுபோல!

வேலை கெட்டுப்போனதால் அழைத்தார்களா? சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வில் ஒரு குறையும் இல்லை. உற்பத்தி சரியும் என்று பயந்த மேலாளர்களே பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள். சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் என்ன நடக்கிறது? மெட்ரோ பள்ளங்களைச் சுற்றி ஊர்ந்து வந்து, வாசலில் அட்டையைக் காட்டி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு புனேக்காரர்களோடு டீம்ஸில் பேசுகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரரும் அதே மீட்டிங்கில் இருப்பதால் அவர் குரல் இரண்டு முறை கேட்கும்: முதலில் நேரடியாக, அரை நொடி கழித்து ஹெட்செட்டில்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்துதானே தொழில் கற்கும், வாடிக்கையாளர் ஆளைப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுவார் என்பார்கள். ரொம்பச் சரி. ஆனால் சீனியர் வரும் நாளும் ஜூனியர் வரும் நாளும் ஒன்றா என்று எந்த வருகைப் பதிவேடும் கேட்பதில்லை. வாடிக்கையாளரைப் பார்க்கவும் அப்படித்தான்: விடியற்காலை விமானத்தில் மும்பை போய், மின்னஞ்சலில் அனுப்பியிருக்கக்கூடிய ஸ்லைடுகளை வாசித்துக் காட்டிவிட்டு இரவே திரும்புகிறார்கள். நம்பிக்கை வளர்வதோ அதற்குப் பிறகான சாப்பாட்டு மேசையில். அக்கவுண்ட்ஸ் பிரிவு முதலில் வெட்டுவதும் அந்தச் சாப்பாட்டு பில்லைத்தான்.

லீவுக்கு ஊழியர் காரணம் எழுதுவதுபோல, நேரில் வரச்சொல்ல மேலாளரும் காரணம் எழுதித் தரட்டும். கற்றுக்கொடுக்க, பேரம் முடிக்க, சண்டையைத் தீர்க்க என்றால் உடனே டிக்கெட் போடலாம். ‘சும்மா, இருக்கிறார்களா என்று பார்க்க’ என்றால், அதற்கு வீடியோவை ஆன் பண்ணினாலே போதும்.