சிவப்புப் பெயிண்ட், பச்சை டிக்

ரிக்குக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்று எங்களுக்கு முதலில் சொல்வது கடிதம் அல்ல, பெயிண்ட் டின். எண்பதுகளின் கடைசி. நரிமணத்தில் எண்ணெய் கண்ட உற்சாகம் ஆறாத நேரம். திருவாரூர்ப் பக்கம் ஓர் ஒப்பந்தக் கம்பெனி ரிக்கில் இருந்தேன். பேஸிலிருந்து வரும் ஜீப்பில் சிவப்பும் மஞ்சளுமாக டின்கள் இறங்கினால் போதும், ரிக்குக்குப் பொறுப்பான டூல்புஷர் பாதி ஆட்களைப் பிரஷ் பிடிக்க அனுப்பிவிடுவார். கைப்பிடிக் கம்பிக்கு மஞ்சள், தீயணைப்பு வாளிக்குச் சிவப்பு. அதுவரை வெற்றிலை எச்சிலை ஏந்திக்கொண்டிருந்த வாளிகளுக்குப் புதுமணல் வந்து சேரும். ஸ்டோரில் அட்டைப்பெட்டிக்குள் குடியிருந்த ஹெல்மெட்டுகளைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்குவார்கள். யாரோ ஒருவர் ஹெல்மெட்டில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதால் வந்த கெடுபிடி அது.

சட்டத்தின் கண்ணில் எண்ணெய்க் கிணறும் ஒரு சுரங்கம்தான். நிலக்கரி வெட்டுகிறவருக்கு அன்று இருந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம்தான் எங்களுக்கும். எண்ணெய்ச் சுரங்கங்களுக்கென்று 1984-இல் தனி ஒழுங்குமுறை வந்தது. அதையெல்லாம் கவனிக்கும் இயக்குநரகம் இருப்பது தன்பாத்தில். வண்டல் மண்ணில் நட்டுவைத்த எங்கள் டெரிக்கிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. எங்களுக்குப் பழக்கம், கம்பெனியின் சொந்தத் தலைமை அலுவலகக் குழு. வெயில் ஏறியபின் வருவார்கள், பிரியாணி ஆறுமுன் முடித்துவிடுவார்கள். ரிக் ஃப்ளோர் வரை ஏறுவார்கள், வாளிகளைப் பாராட்டுவார்கள். அதற்கு மேலே இன்னும் தொண்ணூறு அடி உயரத்தில் மங்கிபோர்டு. டாப்மேன் நிற்கிற இடம். அண்ணாந்து பார்த்து, “பெல்ட் போடறாரா?” என்பார்கள். “போடறாருங்க” என்போம். பெல்ட் மேலே பத்திரமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்பு பற்றிக் குழுவுக்கு விரலை நீட்டி விளக்கிய சீனியர் ட்ரில்லருக்கு அந்த விரலே பாதிதான் இருந்தது. மிச்சத்தை ஸ்பின்னிங் செயின் எடுத்துக்கொண்டது. குழாயில் சங்கிலியைச் சுற்றி வீசினால், இயந்திரம் அதை இழுக்கிற வேகத்தில் குழாய் திருகிச் சேரும். பார்க்க அழகான வித்தை. நடுவில் கை போனால் சங்கிலி கைக்காக நிற்காது. ஒருவருடைய சர்வீஸைத் தெரிந்துகொள்ள ஃபைல் வேண்டாம், விரல்களை எண்ணினால் போதும் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். அப்போது அது நிஜமாகவே சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரே ஒருமுறை, திருநெல்வேலிப் பேச்சு மாறாத ஒரு பெரியவர் தனியாக வந்தார். வாளி எதையும் பார்க்கவில்லை. நேரே பி.ஓ.பி. இருந்த இடத்துக்குப் போனார். கிணறு பொங்கினால் அதன் வாயை அடைக்கிற வால்வு அடுக்கு அது. அதற்கும் நாங்கள் சிவப்பு அடித்து வைத்திருந்தோம். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “எங்கே, மூடும் பாப்போம்” என்றார். முப்பது செகண்டுக்குள் மூட வேண்டும். மூடியது, ஆனால் அவசரமில்லாமல். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கிச்சன் பையனைக் கூப்பிட்டு, “ஏல, காத்து எந்தப் பக்கம் அடிக்கு?” என்றார். கேஸ் வந்தால் எந்தத் திசைக்கு ஓடுவான் என்று பார்த்திருக்கிறார். பையன் திருதிருவென்று முழித்தான். பெரியவர் பிரியாணியைத் தொடாமல் ஜீப் ஏறினார். அவரைத்தான் நாங்கள் சிடுமூஞ்சி என்றோம்.

1995 ஜனவரியில் கோதாவரிக்கரையில் பாசர்லபூடிக் கிணறு வெடித்து, இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. அதன்பிறகு கிணற்றுக் கட்டுப்பாடு பற்றிப் பேசினால் கேண்டீனில் யாரும் கொட்டாவி விடுவதில்லை.

போன வருஷம் அக்கா மகன் ராமநாதபுரம் பக்கம் தான் சேஃப்டி ஆபீசராக இருக்கிற ரிக்கைப் பார்க்கக் கூப்பிட்டான். (டெல்டா 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமான பிறகு, எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு என்ற பேச்சே இல்லை.) வாசலிலேயே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். தலையிலிருந்து கால்வரை எனக்கு மாட்டியதை அன்றைக்கு எங்கள் ரிக் முழுக்கப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். சங்கிலி இல்லை, குழாயைப் பிடித்துத் திருக இரும்பு இயந்திரம் இருக்கிறது. கைகுலுக்கிய பையன்கள் அத்தனை பேருக்கும் பத்து விரல் இருந்தது. அதைப் பார்த்தபின் இந்தக் காலத்தைக் குறைசொல்ல எனக்கு முழு மனசு வரவில்லை. முக்கால் மனசு வந்தது.

ஒவ்வொருவரும் ஷிப்டுக்கு ஒரு கார்டு எழுதித் தரவேண்டும், கண்ணில்பட்ட ஆபத்து என்னவென்று. கத்தையைப் புரட்டினேன். கைப்பிடி பிடிக்காமல் படி இறங்கினார், கைப்பிடி பிடிக்காமல் படி இறங்கினார். “அந்தப் படியை எடுத்துட்டா உங்க வேலையே நின்னுடுமேடா” என்றேன். “மாமா, கார்டு கொறைஞ்சா ஆடிட்ல கேள்வி வரும்” என்றான். ஓர் அறையில் கட்டுப் போட்ட கையோடு ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தான். வீட்டில் இருந்தால் வேலைநாள் இழப்பு என்று கணக்காகிவிடுமாம். இங்கே உட்கார்ந்தால் ‘இலகுப் பணி’. வாசல் பலகையில் விபத்தில்லா நாட்களின் எண்ணிக்கைக்குச் சேதமில்லை.

அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்கு டீப்வாட்டர் ஹொரைசன் ஞாபகம்தான். 2010 ஏப்ரல் 20 அன்று அந்த ரிக்குக்குப் பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். வேலைநாள் இழக்கும் விபத்தில்லாமல் ஏழு வருஷம் ஓட்டியதற்குப் பாராட்டு. ஃப்ளோரில் கிணற்றின் அழுத்தச் சோதனை சரியாக வராமல் ஆட்கள் குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில் விருந்தாளிகள் அதைக் கடந்து போனார்கள். அன்றிரவு பதினோரு பேர் இறந்தார்கள். 1988-இல் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் காகிதத்துக்கும் குறைவில்லை. பாதுகாப்பு வால்வைக் கழற்றிய பம்பை ஓட்டக்கூடாது என்பதற்குப் பெர்மிட் எழுதியே வைத்திருந்தார்கள். அது இரவு ஷிப்ட் கைக்குப் போய்ச் சேரவில்லை, பம்பைப் போட்டுவிட்டார்கள். 167 பேர்.

மருமகன் டேப்லெட்டை நீட்டினான். அந்த வாரத்து இன்ஸ்பெக்‌ஷன், திரை முழுக்கப் பச்சை டிக். பி.ஓ.பி. வரிக்கு எதிரேயும் பச்சை.

“எத்தனை செகண்ட்ல மூடுது?”

“பாஸ், மாமா.”

பின்னால் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த ட்ரில்லர் திரும்பாமலே சொன்னார்: “இருபத்திரெண்டுங்க. போன மாசம் பதினெட்டு. எங்கேயோ லைன்ல கசியுது, சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

மருமகன் முகம் மாறியது. “அதை ஆப்ல போட வேண்டியதுதானேண்ணே?”

“அதுக்குக் கட்டம் இல்லையே தம்பி.”